சங்குமுனைச் சுவரில் ஏறிய கடல்

சங்குமுனை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கடல் ஒரு வரிசை மேலே ஏறியிருப்பதை முதலில் கண்டவர் டைம்கீப்பர் ஆறுமுக நயினார். மாதா திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் பல்புகளைக்கூட இன்னும் கழற்றியிருக்கவில்லை. அமாவாசைக்கு மறுநாள் காலை ஆறேகால் வண்டியை நோட்டில் குறித்துவிட்டு நிமிர்ந்தவர், எதிர்ச்சுவர் டைல்ஸ் ஓவியத்தில் நேற்றுவரை மணலாக இருந்த இடம் நீலமாக இருப்பதைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், பக்கத்தில் போய் விரலால் தொட்டு அது காய்ந்துதான் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டார், பிறகு ஏழு மணி வண்டியின் கண்டக்டரிடம், "போற வழியில பிளோரா வீட்ல ஒரு வார்த்தை சொல்லிரும்யா, அவ போட்ட கடலு ஏறி வந்திருக்கு, வந்து பாக்கச் சொல்லும்" என்று சொல்லி அனுப்பினார்.

பிளோரா வந்து பார்த்தாள். அந்தச் சுவரின் நானூற்று எண்பது டைல்களில் ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதியவள் அவள். நாற்பது நீளம், பன்னிரண்டு உயரம், கீழே மூன்று வரிசை கடல், நான்காவது கடற்கரை, அதற்குமேல் ஏலக்கூடம், தெருக்கள், தண்ணீர்த் தொட்டி, கோயில், கோபுரச் சிலுவை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரிசை வானம். இப்போது நான்காவது வரிசையும் கடலாகியிருந்தது. அந்த வரிசையில் ஐஸ் பெட்டியைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு நின்ற ஐஸ் கம்பெனி கஸ்பார், தண்ணீருக்கு அடியில், அதே கயிறைத் தோளில் போட்டபடி, அதே சாய்வில் நின்றான். அவனுடைய சிவப்பு லுங்கி மட்டும் தண்ணீருக்குள் தெரியும் துணிபோல ஊதா நிறமாகியிருந்தது.

"நான் இப்படி எழுதல அண்ணாச்சி" என்றாள் பிளோரா.

"அது தெரியும்மா. நேத்து சாயங்காலம் பாத்தேன்லா" என்றார் நயினார்.

வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. மீன்கூடைப் பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், ஒரு வரிசை என்று எண்ணினார்கள், தங்கள் வண்டிக்குப் போனார்கள். எப்படி என்று ஒருவரும் கேட்காததுதான் பிளோராவை முதலில் பயமுறுத்தியது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் எழுந்து இரண்டாம் தெருவரை வந்துபோன ஊர் அது. கடல் வருவதற்குக் காரணம் கேட்கும் பழக்கம் அன்றோடு அவர்களுக்குப் போயிருந்தது.

அந்தச் சுவரை எழுதித் தரச் சொன்னவள் பேரூராட்சித் தலைவி ஜெனோவா. பிளோரா கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் பதினோரு வருஷம் தூரிகை பிடித்தவள். அவள் கணவன் சந்தியாகு போட் இன்ஜின் மெக்கானிக். கட்டிவந்தவளின் கை சும்மா கிடக்கக் கூடாதென்று வீட்டுக்குப் பின்னால் கேஸில் எரியும் சூளை ஒன்றைத் தானே கட்டினான். வீட்டுப் பெயர்ப் பலகைகள், அந்தோணியார் படங்கள் என்று இருவருமாகச் செய்துகொண்டிருந்தவர்களிடம் ஜெனோவா வந்து, "ஊரையே அந்தச் சுவத்துல வச்சிரணும் பிளோரா, ஒரு ஆளு விடாம" என்றபோது, அது ஏழு மாத வேலை என்று பிளோராவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பங்கு மண்டபத் தரையில் இருபதடி நீளத்துக்குக் காகிதத்தை ஒட்டி விரித்து, ஊரைச் சுவரின் அளவிலேயே வரைந்தாள். ஒவ்வொருவராக வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காகிதத்தில் ஏறித் தங்கள் இடத்தில் நின்று காட்டினார்கள். கோட்டின்மேல் ஊசியால் பொட்டுப்பொட்டாகத் துளையிட்டு, ஒருமுறை சுட்ட வெள்ளை டைல்களின்மேல் காகிதத்தைப் போட்டு, கரித்தூள் கட்டிய துணிமூட்டையால் ஒற்றினால், துளை வழியே கரி இறங்கி முகங்கள் புள்ளிகளாக நிற்கும். அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு சாயம் தீட்ட வேண்டும். கடலுக்குப் போடும் கோபால்ட் சாயம், சூளைக்குள் போகும்வரை நீலமாக இருக்காது. சாம்பலாக, செத்ததுபோல இருக்கும். தீட்டி முடித்த டைலைக் கண்ணாடிப் பூச்சுக் குழம்பில் முக்கி எடுத்தால் பால் ஊற்றினதுபோல எல்லாம் வெளுத்து மறைந்துவிடும், முகம் இருக்காது, வீடு இருக்காது, கடல் இருக்காது. தன் முகத்தைப் பார்க்க வந்தவர்கள் அந்த வெள்ளையைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். பிறகு ஆயிரம் டிகிரிக்குமேல் சூடேறி அந்தப் பூச்சு உருகிக் கண்ணாடியாகி, அடியிலிருந்து எல்லோரும் திரும்பி வருவார்கள். சூளை ஆற ஒன்றரை நாள் ஆகும். அதற்குமுன் திறந்தால் வெளிக்காற்று பட்டு டைல் வெடிக்கும் என்பதால் சந்தியாகு கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் விரட்டுவான்.

அப்படி இருநூற்றுப் பத்துப் பேரைச் சுட்டு எடுத்தார்கள். சந்தியாகுவைச் சூளைக்குப் பக்கத்தில், ஏழாவது வரிசையில் வைத்தாள். கடைசியாகத் தன்னையும் கோயில் கோபுரத்து மணி ஜன்னலில், கையில் தூரிகையோடு கட்டைவிரல் உயரத்துக்கு வைத்துக்கொண்டாள்.

கடல் முதலில் ஏறிய அந்த அமாவாசைக்கு அடுத்த பௌர்ணமியில் ஐந்தாவது வரிசை முழுகியது. ஏலக்கூடமும் அதில் நின்ற எட்டுப் பேரும் அடியில் போனார்கள். மாதத்துக்கு இரண்டு வரிசை என்பது அதோடு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது; டீக்கடையில் காலண்டரைப் பார்த்து, "எனக்கு ஐப்பசி பௌர்ணமி, உமக்கு?" என்று விசாரித்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார் ஜெபமாலைப் பவனி வைத்தார். வெளியூர்ப் பயணிகள் கேட்டால், "எங்க ஊரு கடலு, ஏறுது" என்று சொல்லிவிட்டு வண்டி வரும் நேரத்தைச் சொன்னார்கள்.

ஜெனோவா கேட்டுக்கொண்டபடி, கொத்தனார் கஸ்பாரின் டைலை உளியால் பெயர்த்துக் கொடுக்க, சந்தியாகு அதை மறுபடி சூளையில் வைத்து முன்னைவிட நூறு டிகிரி கூட ஏற்றினான், கடல் வற்றிப் போகட்டும் என்று. திறந்து பார்த்தபோது கஸ்பாரின் லுங்கிச் சிவப்பு முழுக்க எரிந்து போயிருந்தது, உடம்பின் பழுப்பு கரைந்து கோடாகியிருந்தது, நீலம் மட்டும் இன்னும் ஆழமாகப் பளபளத்தது. அது அப்படித்தான், சூட்டில் முதலில் போவது சிவப்பு, எந்தச் சூட்டையும் தாங்குவது நீலம், பட்டறையில் முதல் வருஷமே பிளோரா படித்தது அது. ஆனாலும் டைலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை அதே இடத்தில் திரும்பப் பதித்தார்கள்.

கஸ்பாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் எப்போதும்போல ஐந்து மணிக்கு ஐஸ் கம்பெனிக்குப் போனான், பெட்டி இழுத்தான், சாப்பிட்டான். இன்று ஆகும், நாளைக்கு ஆகும் என்று ஊர் காத்திருந்தது. கைகுலுக்குகிற சாக்கில் அவன் கை ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து அவன் இழுத்த ஐஸை எந்தப் போட்டிலும் ஏற்றவில்லை. டீக்கடையில் அவனுக்கென்று ஒரு கிளாஸைத் தனியாக வைத்தார்கள். கோயிலில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவன் மனைவி ஒருநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, "நாலு நா அம்மை கிட்ட இருந்துட்டு வாறேன்" என்று போனவள், வரவில்லை. கடல் செய்யாததையெல்லாம் ஊர் அவனுக்குச் செய்து முடித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பயந்தார்கள், அவ்வளவுதான். பிளோராவும் பயந்தாள்.

ஊர்க்கூட்டத்தில் ஜெனோவா எழுந்து, சுவரை உயர்த்தி மேலே மூன்று வரிசை புதிதாகப் பதிப்போம், எல்லோரையும் மேலே ஏற்றி எழுதிவிடுவோம் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "முழுகினவங்கள என்ன செய்ய?" என்று கேட்டார். ஜெனோவா தரையைப் பார்த்துக்கொண்டு, "முழுகினவங்கள மேல எழுதினா கடலும் அவங்க பின்னாலயே ஏறி வந்துரும்லா" என்றாள். அதுவே தீர்மானமாகியது.

மறுநாள் மத்தியானம் கஸ்பார் பிளோராவின் பட்டறைக்கு வந்து கதவைத் தட்டினான்.

"மைனி, நான்தான். என்னைய ஒரு ஓரமா, கோயில் ஓட்டுமேல எங்கயாவது எழுதிவிடும். பெருசா வேண்டாம். ஒரு புள்ளி போதும். அவளுக்குக் காட்டிக் கூட்டிட்டு வந்துருவேன்."

பிளோரா கழுவிக்கொண்டிருந்த தூரிகையோடு அசையாமல் நின்றாள். தண்ணீர் கிண்ணத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கஸ்பார் இன்னொரு முறை தட்டினான், கொஞ்ச நேரம் நின்றான், போய்விட்டான்.

அடுத்த வாரங்களில் அவள் ஊரை மேலே ஏற்றினாள், கோபுரத்தையும் பனைகளையும் தொட்டியையும் புது வரிசைகளுக்கு உயர்த்தி எழுதினாள், மணி ஜன்னலோடு தன்னையும். வரிசையில் முந்திக்கொண்டு வந்தார்கள், சிலுவைக்குப் பக்கத்தில் கேட்டார்கள், பனைமரத்து உச்சியில் கேட்டார்கள், தன் டைலைவிடப் பக்கத்து வீட்டான் டைல் அரை விரல் உயரமாக இருக்கிறதென்று சண்டைபோட்டார்கள். பனங்குருத்திலும் தண்ணீர்த் தொட்டி மூடியிலும் கோயில் முகட்டிலும் மனிதர்கள் காக்கைக் கூட்டம்போல நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சந்தியாகுவையும் கோபுரத்தில் தனக்குப் பக்கத்தில் எழுதினாள். அவன் டைல் கடைசிச் சூளையில் போனது. இரண்டே நாளில் பௌர்ணமி. ஆறுவதற்கு ஒன்றரை நாள், பதிக்க ஒரு நாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்த சந்தியாகு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பயந்து, இருபது மணி நேரத்திலேயே கதவைத் திறந்தான். கடற்காற்று உள்ளே போனது. டிங், டிங் என்று தட்டுத் தட்டாக டைல்கள் பாட ஆரம்பித்தன. பதினொன்று வெடித்தன. அவன் டைல் கழுத்தின் குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது.

"இன்னொன்னு எழுதுதேன்" என்றாள் பிளோரா.

"சூளைக்கு நேரமில்லட்டி" என்றான் அவன். இரண்டு துண்டையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டான்.

பௌர்ணமிக்கு மறுநாள் ஏழாவது வரிசை நீலமாக இருந்தது. சந்தியாகுவோடு சேர்த்து முழுகினவர்கள் பதினேழு பேர் ஆனார்கள். அன்று முதல் பிளோரா அவனோடு சாதாரணமாகத்தான் இருந்தாள். சோறு போட்டாள், பேசினாள். ஒருநாள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவும்போதுதான், அவன் தட்டைத் தனியாக, கடைசியாகக் கழுவிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. எத்தனை நாளாக அப்படிச் செய்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள், நினைவில்லை. திரும்பினால் சந்தியாகு வாசல்நிலையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

டிசம்பர் அமாவாசையோடு சுவரில் பழைய சிலுவையும் வானமும் முழுகிவிட்டன. மேலே நெருக்கியடித்தவர்களின் பாதங்களைத் தண்ணீர் தொட்டது. அசல் கடல் தட்டில் ஊற்றின எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையும் அது அப்படித்தான் கிடந்ததாக, உயிரோடு இருந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த பௌர்ணமியன்று ஊரைக் காலிசெய்துவிட்டு, உள்ளே இருபது கிலோமீட்டரில் கருங்காட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவது என்று முடிவானது. காலை பத்து மணிக்கு ஐந்து பஸ்கள் வந்து நின்றன. ஆறுமுக நயினார் கடைசியாக ஒருமுறை நோட்டில் நேரம் எழுதிவிட்டு, நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினார்.

பிளோரா துணிமூட்டையோடு மூன்றாவது பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பின்னால் வந்த சந்தியாகு படியில் கால் வைத்தான். உள்ளே நின்ற ஜெனோவா கதவுக் கம்பியைக் குறுக்கே பிடித்தாள்.

"சந்தியாகு, நீ ஏறாதய்யா."

"என்னக்கா?"

"உனக்கே தெரியும்லா. புள்ளகுட்டிகள் இருக்கு வண்டியில. நீ வந்தா அதுவும் வரும். நான் என்ன செய்ய, சொல்லு."

அவன் ஜெனோவாவைப் பார்க்கவில்லை. ஜன்னல்வழியே பிளோராவைப் பார்த்தான். பஸ் முழுக்க அவளைப் பார்த்தது. பிளோரா மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. உள்ளே எங்கோ ஒரு மூலையில், அவன் ஏறாமல் இருந்தால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. சந்தியாகு காலைக் கீழே எடுத்தான். பஸ் கிளம்பியது. ஐஸ் கம்பெனி முக்குத் திரும்பும்போது, தனக்குத் தோன்றியது என்ன என்று அவளுக்கு முழுதாகப் புரிந்தது. கடலுக்குப் பயந்ததைவிட அதற்கு அதிகமாகப் பயந்து, "நிப்பாட்டும், நிப்பாட்டும்யா" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார், முழுதாக நிறுத்தவில்லை. அவள் மூட்டையை விட்டுவிட்டுக் குதித்தாள், முட்டியில் அடிபட்டது, நொண்டிக்கொண்டே திரும்பி நடந்தாள்.

முழுகினவர்கள் போக இடமில்லாமல் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுகளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சந்தியாகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். யாரும் அவளை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே அவள், "கஸ்பார், அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன்" என்றாள்.

"தெரியும் மைனி" என்றான் கஸ்பார். "பிரஷ்லருந்து தண்ணி சொட்டுற சத்தம் கேட்டுச்சு."

அவன் தன் தூக்குவாளியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கிக் குடித்தாள். டீ ஆறிப் போயிருந்தது.

சாயங்காலம் நான்கு மணிக்கு அவர்கள் கண்ணெதிரிலேயே மிச்சமிருந்த மூன்று வரிசையும் ஒரே மூச்சில் முழுகின. தண்ணீர்த் தொட்டி மூடியில் உட்கார்ந்த ஜெனோவா, பனங்குருத்தைப் பிடித்திருந்த நயினார், மணி ஜன்னலில் தூரிகையோடு பிளோரா, எல்லோர்மேலும் நீலம் சத்தமில்லாமல் ஏறி மூடியது. சுவர் முழுக்கக் கடல். அசல் கடலின் பக்கம் யாரும் திரும்பவில்லை. முதுகில் அதன் காற்று பட்டுக்கொண்டே இருந்தது. சந்தியாகு அவள் கையைப் பிடித்தான், அவன் கை சில்லென்று இருந்ததா சூடாக இருந்ததா என்று அவள் பார்க்கவில்லை, பிடித்துக்கொண்டாள். அந்த இரவைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பயந்தார்கள், பயந்து பயந்து களைத்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்கள்.

விடிந்தபோது கடல் வரவில்லை. சுவரில் இருந்ததும் வடிந்து, பழையபடி கீழ் மூன்று வரிசையில் அடங்கிக் கிடந்தது. ஓவியத்தில் ஊர் இருந்தது. வீடுகள் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக, கதவுகள் திறந்தபடி இருந்தன. பனைகள் இருந்தன, தொட்டி இருந்தது, கோபுரமும் ஜன்னலும் இருந்தன. ஆட்கள் இல்லை. முகட்டில் காக்கைபோல உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் கூரை ஓடுகளும் வானமும் மட்டும், அங்கே யாரையும் எப்போதும் எழுதியதே இல்லை என்பதுபோல இருந்தன. கீழே, நான்காவது வரிசைக் கடற்கரை மணலில் மட்டும் பதினெட்டுப் பேர் நின்றார்கள். கஸ்பாரின் லுங்கி, எந்தச் சூளையும் தர முடியாத சிவப்பில் இருந்தது. சந்தியாகுவுக்குப் பக்கத்தில் நொண்டியபடி ஒருத்தி நின்றாள். பிளோரா அவளை எழுதவில்லை.

மத்தியானம் பஸ்கள் திரும்பி வந்தன. பிழைத்தோம் என்று சிரித்துக்கொண்டே இறங்கியவர்கள் சுவரைப் பார்த்தார்கள். தேடினார்கள். எக்கி நின்று தேடினார்கள், குனிந்து தேடினார்கள், கண்ணாடி போட்டுத் தேடினார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அழவில்லை. மெதுவாகத் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடையில் சாமான் கேட்டுவிட்டு, கேட்டது காதில் விழுந்ததா என்று இரண்டு முறை விசாரித்தார்கள். ஆறுமுக நயினார் பஸ் நேரங்களை நோட்டில் எழுதி, எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று மணிக்கொருதரம் திறந்து பார்த்தார். தெருவில் கஸ்பார் எதிரே வந்தால், அவன் தங்களைப் பார்க்கிறானா என்று அவன் கண்ணையே கவனித்தார்கள். அவன் தலையசைத்தால் மூச்சு விட்டார்கள்.

ஒன்பதாம் நாள் ஜெனோவா பட்டறைக்கு வந்தாள். பிளோரா கரித்தூள் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சூளைக்குப் பக்கத்தில் சந்தியாகு இருந்தான். ஜெனோவா அவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு வயது பத்து கூடியதுபோல இருந்தது.

"வாங்கக்கா" என்றான் சந்தியாகு, ஸ்டூலிலிருந்து எழுந்து.

அவள் உட்காரவில்லை. "என்னைய எழுது பிளோரா" என்றாள்.

"எங்கக்கா எழுத? தொட்டி மேலயா?"

"வேண்டாம்மா. எங்கனாலும் சரி. கடலுக்குள்ளயே போட்டாலும் சரி. ஊருல ஒரு இடம் குடு."

பிளோராவுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. தான் எழுதினால் சுவர் ஏற்றுக்கொள்ளுமா என்று அவளுக்குத் தெரியாது. சூட்டில் அந்த முகம் நிற்குமா, வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து திரும்பி வருமா, எதுவும் தெரியாது. ஒரு டைலை எடுத்து ஊதித் தூசியைத் தட்டினாள், ஜெனோவாவை ஸ்டூலில் உட்காரவைத்து, முகவாயைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"மூச்ச விடுங்க அக்கா. புடிச்சு வச்சிருந்தா முகம் வராது."

ஜெனோவா மூச்சை விட்டாள். சந்தியாகு சூளையின் கதவைத் திறந்து தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தான். வெளியே, வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை, ஊர் வரிசையில் வந்து நின்றுகொண்டிருந்தது. யாரும் யாரையும் முந்தவில்லை.